குட்டிக்கு என்ன செலவு?

ஐயா,

"தாய் நாய்தானே பால் கொடுக்கிறது, உங்களுக்கு என்ன செலவு?" சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி வாங்க வந்தவர் சென்ற வாரம் என் வீட்டு வாசலில் நின்று கேட்டார். கரையில் நண்டு வாங்கும்போது, கடல்தானே கொடுக்கிறது என்று மீனவரிடம் இவர் கேட்பாரா?

சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். அதற்குள் ஸ்கேன், சத்தான தீனி. பிரசவம் சிக்கலானால் நள்ளிரவில் தொண்டியிலிருந்து ராமநாதபுரத்துக்கு வண்டி பிடிக்க வேண்டும். குட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, ஆறாவது வாரத்திலிருந்து பார்வோ என்னும் வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி. மூன்று வாரம் தாண்டினால் தாய்ப்பால் மட்டும் போதாது. ஆறு குட்டி இருந்தால் ஆறு வாய்க்கும் நாம்தான் ஊட்ட வேண்டும். போன ஈற்றில் இரண்டு குட்டிகள் பார்வோவில் இறந்தன. அந்தச் செலவை யாரிடம் கேட்பது?

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள். மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவும் கட்டாயம். ஆனால் 30 நாள் குட்டியைப் பாதி விலைக்கு விற்பவரிடம்தான் கூட்டம். தடுப்பூசி அட்டையை யாரும் கேட்பதில்லை, நிறத்தைத்தான் கேட்கிறார்கள்.

தாய்க்கு ஓய்வே தராமல் ஈனவைத்து, 'அசல் ரத்தம்' என்று வாய்க்கு வந்த விலை சொல்பவர்களும் எங்களுக்குள் உண்டு. அவர்களுக்காக நான் பேசவில்லை. செலவுச் சீட்டைக் காட்டி விலை சொல்லட்டும். கால்நடை பராமரிப்புத் துறை கடலோர ஊர்களில் குட்டிகளுக்குத் தடுப்பூசி முகாம் நடத்தினால், அந்தத் தொகையை நானே விலையில் குறைத்துக்கொள்கிறேன்.

— ஒரு வாசகர், தொண்டி