திருச்செந்தூரோடு திரும்பிவிடாதீர்கள், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

தூத்துக்குடியில் இருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே போய்ப் பழைய மாதா கோயில்களை எல்லாம் பார்க்க வேண்டும், ஒரே நாளில் முடியுமா என்று போனில் கேட்டீர்கள். முடியும். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் கன்னியாகுமரி வந்துவிடலாம். ஆனால் அப்படிப் போகாதீர்கள். இரண்டு நாளாவது ஒதுக்குங்கள், அதில் பாதி நாளை மணப்பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன். உங்களைப் போல யோசிக்கிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

சின்ன வயதில் இருந்து திருச்செந்தூருக்கு வருகிறவர் நீங்கள். கடலில் முழுக்கு, நாழிக்கிணற்றில் குளியல், செந்திலாண்டவர் தரிசனம், அப்புறம் வந்த வழியே திரும்பிவிடுவது. அங்கிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டரில் மணப்பாடு இருக்கிறது. நம் குடும்பத்தில் யாருமே அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பியதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

தூத்துக்குடியில் இருந்தே தொடங்குங்கள். பனிமய மாதா கோயிலில் இருக்கும் மாதா சுரூபம் 1555இல் மணிலாவில் இருந்து கப்பலில் வந்தது என்பது மரபு. இப்போது நிற்கும் கோயில் 1713இல் கட்டி முடிந்தது. அந்த வருடத்தை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். அப்போது ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்கள் புராட்டஸ்டண்ட் மதத்தினர், 1658இல் போர்த்துக்கீசியரிடம் இருந்து ஊரைப் பிடித்தவர்கள். அந்தக் காலத்தில் மாதா சுரூபத்தைப் பத்திரப்படுத்த வேறு ஊர்களுக்குக் கொண்டுபோய் வைத்திருந்ததாக இங்கே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஆட்சியின் கீழேயே இந்தக் கரையின் மீனவ மக்களான பரதவர்கள் இந்தக் கோயிலை எழுப்பினார்கள். இன்றும் அவர்களுக்கு இவள் ‘ஏழு கடற்துறை ஏக அடைக்கலத் தாய்’. 1806இல் முதல்முதலாக இழுத்த தங்கத்தேர் ஒன்றும் உண்டு. அது வருடா வருடம் ஓடாது. முக்கியமான ஆண்டுகளில் மட்டும்தான் தெருவுக்கு வரும்.

கடற்கரை முழுக்க இத்தனை கோயில்கள் எப்படி வந்தன என்பதற்கும் இதே மக்கள்தான் பதில். முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த மோதலில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடி, 1530களில் ஊர் ஊராகக் கிறித்தவம் தழுவினார்கள். பிரான்சிஸ் சவேரியார் என்ற இயேசு சபைத் துறவி 1542இல் வந்தபோது ஞானஸ்நானம் வாங்கியவர்கள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஜெபம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. தமிழ் சரியாக வராத அந்த மனிதர், இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, அதை மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறார். மாதா கோயில்களை வெள்ளைக்காரன் கட்டிவைத்துவிட்டுப் போனான் என்று நம் வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை, அத்தை. கடலுக்குப் போய் வந்த காசில் இந்த மக்கள் கட்டி, நானூறு, ஐந்நூறு வருடமாகக் காப்பாற்றி வரும் கோயில்கள் இவை.

தூத்துக்குடியை விட்டுத் தெற்கே வந்தால், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் புன்னைக்காயல். கார் அந்தப் பிரிவில் திரும்ப வேண்டும், டிரைவர் முணுமுணுப்பார். விடாதீர்கள். அண்டிரிக் அடிகளார் என்ற போர்த்துக்கீசியர் தமிழ் படித்து, தமிழில் எழுதி, வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கரையில் கழித்து, 1600இல் இந்த ஊரில்தான் இறந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ வெறும் 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் புத்தகம் அது. அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தப் பரதவர்கள்தான். ஊரில் பார்ப்பதற்குப் பிரமாண்டமாக ஒன்றும் கிடையாது. ஆற்றுமுகமும் படகுகளும் கோயிலும்தான். முப்பது வருடம் தமிழ் வகுப்பெடுத்த நீங்கள் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

காயல்பட்டினத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அரபு நாட்டோடு கப்பல் வணிகம் செய்தவர்களின் ஊர். கல்தூண் நிறுத்தி நம் ஊர் மண்டப முறையில் கட்டிய பழைய பள்ளிவாசல்கள் அங்கே இருக்கின்றன.

திருச்செந்தூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்று. இந்த முறை நாழிக்கிணற்றில் இறங்கும்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அலை அடிக்கும் இடத்தில் இருந்து இத்தனை பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படி? மணல்மேட்டில் பெய்யும் மழை உள்ளே இறங்கி, கனமான உப்புத்தண்ணீருக்கு மேலே அப்படியே தங்கி நிற்கும். அளவாக எடுக்கும் வரை கரிக்காது. இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே மணப்பாட்டுக்குப் போங்கள்.

போகிற வழியில் வலது பக்கம் தேரிக்காட்டின் செம்மண் மேடும் பனைமரமும். இடது பக்கம் கடல் தெரிந்தும் மறைந்தும் வரும். குலசேகரன்பட்டினம் தாண்டியதும் தூரத்தில் ஒரு மணல்குன்று, அதன் தலையில் வெள்ளையாகத் திருச்சிலுவை ஆலயம். புயலில் முறிந்த பாய்மரத்தோடு வந்து கரை சேர்ந்த ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் தலைவன், அந்த மரத்திலேயே சிலுவை செய்து 1540இல் குன்றின்மேல் நட்டான் என்பது ஊர் மரபு. 1581இல் அங்கே கோயில் எழுந்தது. இயேசுவை அறைந்த சிலுவையின் ஒரு துண்டு அங்கே இருப்பதாக நம்புகிறார்கள். செப்டம்பரில் முதல் இரண்டு வாரமும் அதற்காகத்தான் அத்தனை கூட்டம்.

குன்றுக்கு மேலே போனதும் நேராகக் கோயிலுக்குள் போய்விடாதீர்கள். முதலில் சுற்றி வாருங்கள். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி. கழிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்திட்டு ஓடும். காலை வெயிலில் கழியின் தண்ணீர் பச்சையாகவும் கடல் கருநீலமாகவும் தெரியும். கீழே ஊரில் உயரமான ஜன்னலும் அகலமான முகப்புமாகப் பெரிய பெரிய வீடுகள். கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் கட்டியவை. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

அப்புறம் கடல் பக்கமாக இறங்கினால் சவேரியார் கெபி. அலை தொடும் தூரத்தில் பாறையில் ஒரு குகை, உள்ளே தலை குனிந்துதான் போக வேண்டும். சவேரியார் இங்கே தங்கி ஜெபம் செய்தார் என்கிறார்கள். அவருக்கு முன்னால் இது ஒரு சைவத் துறவி இருந்த குகை என்பதை ஊர்க்காரர்கள் மறைப்பதில்லை, அவர்களே சொல்வார்கள். அங்கேயும் ஒரு சின்னக் கிணறு இருக்கிறது. குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பாருங்கள். நல்ல தண்ணீர். வெளியே பாறையில் அலை மோதித் தெறிக்கிற உப்பு உங்கள் உதட்டில் இருக்கும், வாய்க்குள் போவது நாழிக்கிணற்றின் ருசி. துறவியும் சவேரியாரும் கப்பல்காரர்களும் இந்த இடத்தில் தங்கியதற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். செந்தூரில் தீர்த்தம், இங்கேயும் தீர்த்தம். ஒரே கரையில் இரண்டு இடத்திலும் ஜனங்கள் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

நாம் உள்ளே போகலாமா என்று தயங்கினீர்கள். தாராளமாகப் போகலாம். செருப்பை வெளியே விடுங்கள். பெண்கள் பலர் முக்காடு போட்டிருப்பார்கள், உங்களுக்கு அது கட்டாயம் இல்லை. திருப்பலி நடந்தால் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். குருவானவர் கொடுக்கும் திரு அப்பத்தை, அதாவது நன்மை, வாங்க மட்டும் வரிசையில் போகாதீர்கள், அது அவர்களுக்கு உரியது. முழங்கால் வலிக்கு மேட்டில் ஏறுவது கொஞ்சம் சிரமம்தான். வெயிலுக்கு முன்னால், நின்று நின்று ஏறுங்கள்.

ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தக் கரையில் சில பழைய கோயில்களில் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசி, பளபளக்கும் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட உப்பு படிகமாகி, செங்கல்லையே பொடிப் பொடியாக உதிர்க்கும். பக்தியோடுதான் செய்கிறார்கள், அதனால்தான் இன்னும் வருத்தமாக இருக்கிறது. பழைய சுவரைப் பார்த்தால் அங்கே இருப்பவரிடம் அது அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். வெளியூர்க்காரர் வந்து சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

உவரியில் இரவு தங்கலாம். செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோணியார் கோயிலில் நிற்க இடம் இருக்காது. நோயோடு வந்து நாள்கணக்கில் தங்கி ஜெபிக்கிறவர்களும் உண்டு, அவர்களைப் படம் எடுக்க வேண்டாம். அதே ஊர்க் கடற்கரையில் சுயம்புலிங்க சுவாமி கோயில். பனையோலைப் பெட்டியில் கடல் மண்ணை அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டுவது அங்கே நேர்த்திக்கடன். கப்பல் மாதா கோயில், பெயருக்கேற்ற மாதிரி கப்பல் வடிவத்திலேயே கட்டியது. பழமை இல்லை, ஆனால் அந்த ஊருக்கு அது ரொம்பப் பொருத்தம்.

கன்னியாகுமரியில் அலங்கார உபகார மாதா கோயிலுக்குச் சாயங்காலம் போங்கள். அங்கே கூட்டம் எல்லாம் சூரியனைப் பார்க்கக் கடற்கரைக்குப் போயிருக்கும், கோயிலில் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

எப்போது வருவது என்பதுதான் பாக்கி. ஆடியில் காற்று பலமாக இருக்கும். மணப்பாட்டுக் குன்றில் மணல் முகத்தில் அடிக்கும், கடலில் இறங்க முடியாது. ஆனாலும் பனிமய மாதா திருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும். கொடியேற்றம் முடிந்த இரண்டாம், மூன்றாம் நாளில் வந்தால் திருவிழாவையும் பார்க்கலாம், கடைசி நாள் நெரிசலிலும் மாட்ட மாட்டீர்கள். மாமாவிடம் பேசிவிட்டுத் தேதியைச் சொல்லுங்கள், தூத்துக்குடியிலும் உவரியிலும் தங்க நான் ஏற்பாடு செய்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்