செம்மஞ்சள் இருபது ரூபாய்

நாகர்கோவில்

அன்புள்ள தோழிக்கு,

மூட்டுவலி குறைந்ததாக நீ எழுதியதைப் படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே ஆனிச் சாரல் விட்டபாடில்லை, துணி காய மூன்று நாளாகிறது.

பேரன் பயிற்சி மையத்தில் தானே கை கழுவுகிறான், வீட்டில் மட்டும் பிடிவாதம் என்று வருத்தப்பட்டிருந்தாய். அது பிடிவாதம் இல்லை மக்கா. அங்கே குழாய், உன் வீட்டில் வாளியும் கப்பும். நமக்கு இரண்டும் ஒன்றுதான். அவனுக்கு அது வேறு வேலை, இது வேறு வேலை.

எனக்கு இதைப் புரியவைத்தது என்னிடம் படிக்கும் ஒரு பையன். ஆட்டிசம் உள்ள பிள்ளை, 12 வயது. ஆறு மாதம் மேஜையில் உட்காரவைத்து ரூபாய் எண்ணப் பழக்கினேன். தப்பே வராது. வடசேரி சந்தைக்குக் கூட்டிப்போய், மட்டிப்பழத்துக்கு 40 ரூபாய் கொடு என்றேன். பர்ஸில் இரண்டு இருபது ரூபாய் நோட்டு. ஒன்று 2019-இல் வந்த பச்சை மஞ்சள் நோட்டு, மற்றது பழைய செம்மஞ்சள். இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறான், கை நடுங்குகிறது. மேஜையில் நான் வைத்ததெல்லாம் புது நோட்டுதானே! செம்மஞ்சள் தாள் அவனுக்குப் பணமே இல்லை. பழக்கார அக்கா பொறுமையாக நின்றார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

சொல்லிக்கொடுத்துவிட்டு, மற்ற இடத்திலும் தானாக வந்துவிடும் என்று நம்பியிருப்பது போதாது, அதையும் சேர்த்தே பழக்க வேண்டும் என்று நடத்தை ஆய்வாளர்களான ஸ்டோக்ஸும் பேயரும் 1977-இலேயே எழுதியிருக்கிறார்கள். படித்தவள்தான் நான். ஆனாலும் மேஜையை விட்டு எழும்பவில்லை.

இப்போது கசங்கிய நோட்டு, பத்து ரூபாய் நாணயம், எல்லாம் கலந்துதான் வைக்கிறேன். ஒரு நாள் நான், ஒரு நாள் அவன் அப்பா. ஒரு நாள் மீன்கார அம்மா, ஒரு நாள் பஸ் கண்டக்டர். போன வியாழக்கிழமை திங்கள்சந்தை ஊரில், அதுவரை போகாத கடையில் தேங்காய் வாங்கினான். முதலில் எடுத்து நீட்டியது செம்மஞ்சள் நோட்டு!

நீ ஒன்று செய். மையத்தில் உள்ள அதே சோப்பை வீட்டிலும் வை. அவனுக்குத் தெரிந்த ஒன்றாவது வாளிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மையத்திலும் ஒரு வாளி வைத்துப் பழக்கச் சொல். பிடி கிடைத்ததும் சோப்பை மாற்று. அப்புறம் கிணற்றடி, கல்யாண வீடு, கோயில் குழாய் என்று கூட்டிக்கொண்டு போ. திட்டாதே, அவனுக்கு அது நிஜமாகவே புது இடம்.

யாரும் சொல்லாமல் எந்த இடத்தில் முதலில் கை கழுவினான் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தோழி