கார்டு ரிசல்ட்டை முடிவாக எழுதாதீர்கள்

டெல்டாவில் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கும், லேப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று எங்கே ஆபரேஷனுக்குச் சேர்ந்தாலும் ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் கார்டு (ரத்தத்தைச் சொட்டு விட்டால் சில நிமிஷத்தில் கோடு காட்டும் ரேபிட் டெஸ்ட்) போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தியேட்டருக்கு அனுப்புகிறீர்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான கார்டில் கோடு விழுந்ததும் 'பாசிட்டிவ்' என்று டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, குடும்பத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறீர்களே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். நானும் லேப் வேலை பார்க்கிறவன்தான்.

ஒரு ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம்) கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போன மன்னார்குடி பக்கத்து அம்மா ஒருவருக்கு இப்படித்தான் பாசிட்டிவ் என்று சொல்லி, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாகிவிட்டது. இது ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவுகிற நோயே இல்லை, அதைக்கூட யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. யாரோ கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் எங்களிடம் எலைசா (கார்டைவிட நுட்பமாகப் பிடிக்கும் லேப் பரிசோதனை) எடுத்தால் நெகட்டிவ், வேறு லேபில் திரும்ப எடுத்தாலும் நெகட்டிவ்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வழிகாட்டுதலுக்காகத் தொகுத்த ஆய்வுகளைப் பாருங்கள். நோய் உள்ள 100 பேரில் சுமார் 90 பேரைத்தான் இந்தக் கார்டுகள் பிடிக்கின்றன. நோய் இல்லாதவர்களில் 1000 பேருக்கு 5 பேரைப் பாசிட்டிவ் என்று காட்டிவிடுகின்றன. ஐந்துதானே என்று தோன்றும். உங்களிடம் வரும் 10,000 பேரில் நூற்றுக்கு ஒருவருக்கு நோய் இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள்: உண்மையான பாசிட்டிவ் 90, பொய்யான பாசிட்டிவ் கிட்டத்தட்ட 50, கண்ணில் படாமல் தப்பியது 10. அதாவது பாசிட்டிவ் என்று நீங்கள் சொல்கிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நோயே இல்லாதவர்.

இதுவும் கார்டு வரும் கிட்டை ஒழுங்காக வைத்திருந்தால் வரும் கணக்கு. பெரும்பாலான கிட்டின் பெட்டியில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சடித்திருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் ஸ்டோர் ரூம் எத்தனை டிகிரி? ஸ்கேன் மெஷினுக்கு ஏசி உண்டு, கிட்டுக்குக் கிடையாது. பத்துப் பதினைந்து கார்டை மேஜையில் வரிசையாகப் பரப்பி, சீரம் விட்டுவிட்டு, ஓபி கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துச் சாய்த்து மங்கலான கோட்டைத் தேடுகிறோம். குறித்த நேரம் தாண்டிப் படித்தால் இல்லாத கோடும் தெரியும். இது லேபில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

டயாலிசிஸ் யூனிட் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பாசிட்டிவ் நோயாளிக்குத் தனி மெஷின் என்பது விதி. பொய்ப் பாசிட்டிவ் வந்தவரை அந்த மெஷினில் போட்டால் நோய் இல்லாதவரை நாமே நோயாளிகள் நடுவில் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம். கார்டிடம் தப்பியவரைப் பொது மெஷினில் போட்டால் அந்த ஷிஃப்ட் முழுக்க ஆபத்து. ரத்தத்தில் ஆன்டிஜென் (கார்டு தேடுகிற வைரஸின் புரதம்) குறைவாக இருக்கும்போதுதான் கார்டு தப்பவிடும்: உலக சுகாதார நிறுவனம் கார்டிடம் கேட்பது ஒரு மில்லியில் 4 சர்வதேச அலகைப் பிடிக்கும் திறன், எலைசாவிடம் கேட்பதோ 0.13, அதாவது அவ்வளவு கொஞ்சம் இருந்தாலே பிடிக்க வேண்டும். அதனால் டயாலிசிஸ் நோயாளிக்கும், ஹெச்ஐவி உள்ளவர்களுக்கும், கல்லீரல் என்சைம் ஏறியிருந்தும் காரணம் பிடிபடாதவர்களுக்கும் கார்டு நெகட்டிவ் என்றதோடு விடக்கூடாது. தடுப்பூசி போட்ட இரண்டு மூன்று வாரத்துக்குள் பார்த்தால் அந்த ஊசி மருந்தே பாசிட்டிவ் காட்டக்கூடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எலைசாவுக்கு ஒரே தடவையில் பல சாம்பிள் ஓட்டுகிற 96 குழித் தட்டு, நாலு சாம்பிளுக்காக யார் ஓட்டுவது என்பீர்கள். நியாயம்தான். ஓட்ட வேண்டாம், சாம்பிளைக் குளிர்பெட்டியில் வைத்துத் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ அனுப்புங்கள். அவசர ஆபரேஷன் என்றால் யாருக்கும் எடுக்க வேண்டிய பாதுகாப்பை எடுத்துக்கொண்டு செய்யுங்கள், இதற்காக நிறுத்தாதீர்கள். அதுவரை ரிப்போர்ட்டில் 'கார்டு முறை, உறுதி செய்ய வேண்டும்' என்று ஒரு வரி இருக்கட்டும். அடுத்த மாதம் கிட் ஆர்டர் போடும்போதே உறுதிப் பரிசோதனைச் செலவையும் அதில் சேர்த்துவிடுங்கள், அதை நோயாளி தலையில் கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு லேப் டெக்னீசியன்