மழைக்காலம்: டயாலிசிஸ் செய்பவர்கள் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். மலேசியாவில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. தோட்டச் சாலை மூழ்கினால் டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துச் செல்லும் வேன் வராது. குழாய்த் தண்ணீர் நின்றுபோவதும் அதே அளவு சிக்கல்தான்: சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கும் நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றுக்கே சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். கனமழை எச்சரிக்கை வந்ததும் மையத்தை அழைத்து, உங்கள் டயாலிசிஸ் முறையை முன்கூட்டியே செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

முறை தவறும் என்று தெரிந்த உடனே, மூச்சு வாங்கும்வரை காத்திராமல், உணவு, பானக் கட்டுப்பாட்டைத் தொடங்குங்கள். தண்ணீர், தேநீர், சூப் எல்லாம் சேர்த்து நாளுக்கு அரை லிட்டருக்குள். மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. வாழைப்பழம், டுரியான், இளநீர் வேண்டாம். பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு தடுமாறி நின்றே போகலாம். ‘குளிர்ச்சி’ என்று யாராவது அன்போடு இளநீர் நீட்டினாலும் மறுத்துவிடுங்கள். நிவாரண மையத்தில் மாகி மீ (உடனடி நூடுல்ஸ்) கொடுத்தால் மசாலாத்தூளைப் போடாதீர்கள். உப்பு தாகத்தைக் கூட்டும். சோடியம் குறைந்த மாற்று உப்பும் ஆகாது, பலவற்றில் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கிறது.

பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டியவை: ஒரு வாரத்துக்கான மருந்து, மைகார்டு (அடையாள அட்டை), உலர் எடை (உடலில் கூடுதல் நீர் இல்லாதபோது உள்ள எடை) எழுதிய டயாலிசிஸ் குறிப்பு, மையத்தின் எண். இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை இறங்கினால் சாப்பிட மிட்டாயும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ விடாதீர்கள். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் பொருத்தியவர்கள் வெள்ள நீரில் இறங்கவே வேண்டாம். வயிற்றுக்குள் திரவம் செலுத்தி வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள் அந்தத் திரவப் பைகளை மேல் அலமாரிக்கு மாற்றுங்கள்.

படுத்தால் மூச்சு முட்டினாலோ, கைகால் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ உடனே அவசர எண் 999-ஐ அழையுங்கள். ‘டயாலிசிஸ் நோயாளி, முறை தவறியது’ என்று முதலிலேயே சொல்லுங்கள்.