குட்டைத் தூண்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கட்டிடப் பொறியியலில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நான் இப்போது நான்கு மாடிப் பள்ளிக்கூடம் ஒன்றின் வடிவமைப்பில் மூழ்கிக் கிடக்கிறேன்.

பாரக் கணக்கு பெரிய தொல்லை இல்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் மொத்தமாகப் பாயும் நடைவழிக்கு எவ்வளவு, வகுப்பறைக்கு எவ்வளவு என்று விதிநூலே சொல்லிவிடுகிறது. தூணே இல்லாத அரங்கை வகுப்பறைகளுக்கு அடியில் கேட்டார்கள். மன்றாடி, அதைத் தனிக் கட்டிடமாகப் பிரித்துவிட்டேன்.

என் கவலையெல்லாம் ஜன்னலுக்குக் கீழே வரும் அரைச்சுவர்தான். 3 மீட்டர் தூணின் கீழ்ப்பாதியை அந்தச் சுவர் இறுக்கிப் பிடித்தால், அசைய எஞ்சுவது 1.5 மீட்டர். உயரம் பாதியானால் விறைப்பு, அதாவது வளையாமல் எதிர்த்து நிற்கும் தன்மை, எட்டு மடங்காகும். நிலநடுக்கத்தில் பக்கத்துத் தூண்கள் வளைந்து தப்பிக்க, இந்தக் குட்டைத் தூண் விசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பெருக்கல் குறி போல வெடித்துப் போகும். வகுப்பறைகளில் வரிசையாக ஜன்னல்கள் வருவதால் பள்ளிகளில் இது அடிக்கடி நேர்கிறது.

சுவருக்கும் தூணுக்கும் இடையே இடைவெளி விட்டு, மென்மையான பொருளால் நிரப்பச் சொல்லியிருக்கிறேன். சுவர் சாயாமல் தனியாகப் பிடிமானமும் உண்டு. ஆனால் கொத்தனார் கண்ணுக்கு அது விட்டுப்போன சந்தாகத் தெரியும், கலவையை அப்பிவிடுவார். அதனால் தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிகளை முழு உயரத்துக்கும் நெருக்கமாகவே போட்டிருக்கிறேன். செலவு கூடுகிறது என்கிறார்கள். நான் இறங்கி வரப்போவதில்லை.

1933 மார்ச்சில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டிடங்கள் பல நொறுங்கின. மாலை நேரம் என்பதால் பிள்ளைகள் உள்ளே இல்லை. ஒரு மாதத்துக்குள் பள்ளிக் கட்டுமானத்தை அரசே சரிபார்க்க வேண்டும் என்று ஃபீல்ட் சட்டம் வந்தது. 2002இல் இத்தாலியின் சான் ஜூலியானோவில் நிலநடுக்கத்தில் பள்ளி இடிந்தபோது அந்த நல்வாய்ப்பு இல்லை. 27 குழந்தைகள் இறந்துபோனார்கள். பிற்பாடு மாடி ஏற்றிய பள்ளி அது. இங்கேயும் “பின்னால் ஒரு மாடி ஏற்றலாமா” என்று கேட்கிறார்கள். ஏற்றுவதானால் தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் இப்போதே கணக்குப் போட வேண்டும், இல்லையேல் ஏற்றக் கூடாது என்று வரைபடத்திலேயே எழுதிவிடுவேன் என்றேன்.

கட்டுமானத் தளத்திலேயே காலம் கழித்தவன் நீ. அந்த இடைவெளியைப் பூச்சு வேலை முடியும்வரை அடைபடாமல் காப்பது எப்படி என்று விவரமாக எழுது.

அன்புடன்,
உன் நண்பன்