மரக்கூரை விடுதிகளில் வயரிங்கைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொடைக்கானலில் பழைய வீடுகளை விடுதியாக மாற்றும் பலர் அறைக்கு அறை கீசர், ரூம் ஹீட்டர் என்று வைத்துவிடுகிறார்கள், ஆனால் சுவருக்குள் ஓடும் வயர் மட்டும் அதே பழைய வயர்தான். 2000 வாட் ஹீட்டர் ஒன்றே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் கீசரும் ஓடினால், விளக்குக்காகப் போட்ட வயர் சூடாகி, உறை உருகி, மேலே இருக்கிற மரக்கூரையில் தீப்பிடிக்க எவ்வளவு நேரமாகும்? மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தானாகத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று பெரிய ஆம்பியரில் மாற்றி வைப்பது அதைவிட மோசம், வயரைக் காப்பாற்றத்தானே அது இருக்கிறது.

அப்புறம் புகை. சாதாரண பிவிசி வயர் எரிந்தால் கரும்புகையோடு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வரும், கண்ணும் தொண்டையும் எரியும், வெளியேற வழி தெரியாது. குளிருக்கு ஜன்னலை இறுக்கி மூடித் தூங்குபவர்களை நினைத்துப் பாருங்கள். புகை குறைவான எஃப்ஆர்எல்எஸ் வயரும், குளோரின் போன்ற ஹாலஜன் இல்லாத வயரும் கடைகளில் கிடைக்கின்றன.

விடுதிக்கு உரிமம் புதுப்பிக்கும்போது தீயணைப்பான் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், வயரிங் சோதனைச் சான்றும் கட்டாயம் கேட்க வேண்டும். கோடை சீசனுக்கு முன்பே அதிகாரிகள் இதைத் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், கொடைக்கானல்