வாஷிங்டன் படையின் துணிக்கணக்கு: கூட நின்றவர்களுக்கு என் நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனின் படைக்குச் சாப்பாடும் துணிமணியும் எப்படிப் போய்ச் சேர்ந்தன, எங்கே வழியில் நின்றுபோயின என்று தமிழில் எழுதிவந்த கட்டுரைத் தொடர் சென்ற வாரம் முடிந்தது. படித்துவிட்டுப் பலர் பாராட்டி எழுதினீர்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்குக்கு உரியவர்கள் வேறு சிலர். அவர்கள் யார், என்ன செய்தார்கள் என்று எல்லோரும் அறியச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

முதல் நன்றி, வாஷிங்டன் நகரிலுள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பக ஊழியர்களுக்கு. இந்தக் காகிதங்கள் இன்று கைக்குக் கிடைப்பதே பெரிய விஷயம். 1800 நவம்பர் 8 அன்று போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து எரிந்ததில், அங்கிருந்த புரட்சிக் காலத்து ராணுவ ஆவணங்கள் சாம்பலாயின. 1814இல் பிரிட்டிஷ் படை தலைநகரைக் கொளுத்தியபோது இன்னும் கொஞ்சம் போயிற்று. பிறகு அரசு அங்கும் இங்குமாகத் தேடித்தான் சேர்த்தது. படைத் தளவாடங்களுக்குப் பொறுப்பாக இருந்த திமோத்தி பிக்கரிங், ஆயுதக் கிடங்குகளைக் கவனித்த சாமுவேல் ஹாட்ஜ்டன் ஆகியோரிடம் இருந்த தாள்களை 1873இல் விலைக்கு வாங்கினார்கள். நான் படித்தவற்றில் பெரும்பகுதி 93ஆம் எண் தொகுதியில் உள்ளவை. எந்த மைக்ரோஃபிலிம் சுருளில் எது இருக்கும் என்று அட்டவணையில் இல்லாத விவரத்தையும் நினைவிலிருந்து எடுத்துச் சொன்ன வாசிப்பறை அம்மையாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவரது கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இந்தத் துணியை யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள்? அங்கிருந்து தேடுங்கள்." அப்படித் தேடினால்தான் வழி திறந்தது.

அந்தக் கையெழுத்தைப் படிக்கச் சொல்லித்தந்தவர் பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. சொல்லின் நடுவில் எஃப் போல நீண்டு நிற்கும் எஸ் எழுத்து, பாதியில் வெட்டி மேலே தூக்கி எழுதிய சுருக்கங்கள், மை ஊறிப் பின்பக்கத்து வரிகள் முன்பக்கம் தெரியும் தாள்கள் என்று ஒவ்வொன்றாகப் பொறுமையாகக் காட்டினார். துணி வழங்கிய பட்டியல்களில் சிப்பாயின் பெயருக்கு நேரே கோட்டு, சட்டை, காலுறை, காலணி, போர்வை என்று கட்டங்கள் ஓடும். கடைசியில் கையெழுத்து. எழுதத் தெரியாதவர் என்றால் எழுத்தரே பெயரை எழுதி, முதற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் இடம் விட்டிருப்பார். அந்த இடத்தில் சிப்பாய் ஒரு பெருக்கல் குறி இழுத்திருப்பார். சில குறிகள் நடுங்கியிருக்கும், சில காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தமாக இருக்கும். நம் ஊர்ப் பழைய பத்திரங்களில் தற்குறி பார்த்துப் பழகிய எனக்கு, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கண் நின்றுவிடும். ஒரு ஜோடிக் காலணிக்காகப் போட்ட குறி அது.

காலணி அந்தப் படைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உத்தரவு போதும். 1777 நவம்பர் 22 அன்று வாஷிங்டன் படை முழுவதற்கும் ஓர் அறிவிப்பு விடுகிறார்: பதப்படுத்தாத பச்சைத் தோலைக் கொண்டு காலணிக்கு நல்ல மாற்று செய்து காட்டுபவருக்குப் பத்து டாலர் பரிசு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் கொண்டுவர வேண்டும். அடுத்த மாதம் பென்சில்வேனியாவிலுள்ள வேலி ஃபோர்ஜில் குளிர்காலப் பாசறை போடுகிறார்கள். டிசம்பர் 23 அன்று அங்கிருந்து காங்கிரஸுக்கு, அதாவது போரை நடத்திய அமெரிக்க மாநிலங்களின் பொது அவைக்கு, அவர் எழுதிய கடிதத்தில், காலில் செருப்பும் உடம்பில் துணியும் இல்லாத காரணத்தால் 2,898 பேர் வேலைக்கு லாயக்கில்லாமல் கிடக்கிறார்கள் என்கிறார். அந்தச் செப்டம்பரில் நடந்த பிராண்டிவைன் போருக்குப் பிறகு சோப்பையே கண்ணால் பார்க்கவில்லை என்றும், அது அவ்வளவாகத் தேவையும் இல்லை, பெரும்பாலோருக்கு ஒரே சட்டை, பலருக்குப் பாதிச் சட்டை, சிலருக்கு அதுவும் கிடையாது என்றும் எழுதுகிறார். ஒரு வருஷம் முன்னால், 1776 அக்டோபர் 8 அன்று, அதே காங்கிரஸ் ஒவ்வொரு சிப்பாய்க்கும் வருஷத்துக்கு 20 டாலர் பெறுமான உடுப்பு தருவதாகத் தீர்மானம் போட்டிருந்தது. அதில் சட்டை இரண்டு, காலணி இரண்டு ஜோடி.

அந்த உடுப்பு எங்கே போயிற்று என்று கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் என் பள்ளி நண்பர். இரவெல்லாம் தொலைபேசியில் அவரோடு பேசியிருக்கிறேன். நான் துணியின் அளவைச் சொன்னால் அவர் வண்டியைக் கேட்பார். "வண்டி யாருது? மாட்டுக்கும் குதிரைக்கும் தீனி யார் பொறுப்பு? காலி வண்டி திரும்பி வர வாடகை உண்டா? டிரைவருக்குச் சம்பளம் ஒழுங்கா போச்சா?" இந்தக் கேள்விகளோடு திரும்பவும் ஏடுகளைப் புரட்டினால், பஞ்சம் மட்டும் காரணமில்லை என்று பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. 1777 நவம்பரில் தாமஸ் மிஃப்ளின் குவார்ட்டர் மாஸ்டர் பதவியை, அதாவது படையின் வண்டி, கூடாரம், தளவாடங்களைக் கவனிக்கும் தலைமைப் பொறுப்பை, விட்டு விலகினார். அடுத்த மார்ச்சில் நத்தானியேல் கிரீன் வரும்வரை போக்குவரத்துக்குச் சரியான ஆள் இல்லை. 1778 தொடக்கத்தில் பாசறைக்கு வந்து விசாரித்த காங்கிரஸ் குழு, ஒரு கோடை முழுக்க ஒரு விவசாயியின் களஞ்சியத்தில் கூடாரங்களும் கூடாரத் துணியும் கிடந்ததாக எழுதியிருக்கிறது. துறை அதிகாரிக்கே அது தெரியாது. சுற்று வட்டாரத்தில் மண்வெட்டிகள் மட்டும் 3,000 கண்டெடுத்திருக்கிறார்கள். குளிரில் சிப்பாய் ஒரு பக்கம், கூரைத்துணி இன்னொரு பக்கம். இதைப் படித்துச் சொன்னபோது நண்பர் சிறிது நேரம் பேசவே இல்லை.

கிரீன் அந்தப் பதவியை வேண்டா வெறுப்பாகத்தான் ஏற்றார். வரலாற்றில் குவார்ட்டர் மாஸ்டரைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதே இல்லை என்று 1779 ஏப்ரலில் வாஷிங்டனுக்கு வருத்தத்தோடு எழுதினார். அவர் விஷயத்திலாவது அது பொய்யாக வேண்டும் என்பதே நான் இந்தத் தொடரை எழுதியதற்குப் பெரிய காரணம்.

ஈரோட்டில் தையல் கடை நடத்தும் பெரியம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அளவுகளை நான் அனுப்ப அனுப்ப, அந்தக் காலத்து லினன் சட்டை ஒன்றைக் கையாலேயே தைத்து அனுப்பிவிட்டார். எல்லாத் துண்டுகளும் சதுரமும் செவ்வகமும்தான். வளைத்து வெட்டினால் துணி வீணாகும் என்பதால் அப்படி. கை தூக்கும்போது கிழியாமல் இருக்க அக்குளில் ஒரு சின்னச் சதுரம். தடித்த கம்பளிக் கோட்டின் விளிம்பை ஏன் மடித்துத் தைக்காமல் விட்டார்கள் என்று கேட்டேன். "நல்லா அடிச்சு இறுக்குன கம்பளி பிரியாது கண்ணு, மடிச்சா மொத்தமாத்தான் ஆகும்" என்றார். அவர் தைத்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஃபிலடெல்ஃபியாப் பெண்களைப் பற்றிய பகுதியை எழுதினேன். 1780இல் எஸ்தர் ரீட் தலைமையில் அவர்கள் வீடு வீடாகப் போய் வசூலித்தது மூன்று லட்சம் காகித டாலருக்கு மேல். அந்தப் பணத்தின் மதிப்பு அப்போது அதலபாதாளத்தில் இருந்தது. அந்த மார்ச்சில் காங்கிரஸே நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று அறிவித்திருந்தது. சிப்பாய்களுக்குக் கையில் காசாகத் தர ஆசைப்பட்டார் எஸ்தர். சட்டையாகக் கொடுங்கள் என்றார் வாஷிங்டன். அந்தச் செப்டம்பரிலேயே எஸ்தர் இறந்துபோக, பெஞ்சமின் ஃபிராங்கிளினின் மகள் சாரா பாஷ் வேலையை முடித்தார். அவர் வீட்டில் குவிந்திருந்தவை 2,200 சட்டைகள். ஒவ்வொன்றிலும் தைத்த பெண்ணின் பெயர் இருந்தது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன், என் சட்டையிலும் பெயர் போட்டிருக்கலாமே என்றார். அடுத்ததில் கட்டாயம் போட வேண்டும் பெரியம்மா.

கடலூர் நண்பருக்கும் நன்றி. அமெரிக்கா தொடங்கிவைத்த அந்தப் போரில், அமெரிக்கர் பக்கம் சேர்ந்த பிரெஞ்சும் பிரிட்டிஷும் கடைசியாக மோதியது தன் ஊரில், 1783 ஜூனில், சமாதானச் செய்தி வந்து சேர்ந்த பிறகுதான் முற்றுகை நின்றது என்று எடுத்துச் சொன்னவர் அவர். தொடரில் அது தனிப் பகுதியாகவே வந்தது.

பிழை பார்த்தவர்கள், பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த நீலக் கோட்டையும் பழுப்புக் கோட்டையும் 1778 அக்டோபரில் மாநிலங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த கதைக்குப் படம் வரைந்து தந்த கல்லூரி மாணவி, சனிக்கிழமைகளில் என்னைக் காப்பகத்துக்கு விட்டுக்கொடுத்த வீட்டார் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பெயர்த்தெழுதிய துணிப் பட்டியல்களை யார் கேட்டாலும் தருவேன், விலை கிடையாது. அடுத்து மாட்டுத்தோல் கணக்குகளைப் படிக்கப் போகிறோம். மாடு அறுத்த இடத்தில் தோல் அழுகிக் கிடக்க, சிப்பாய் வெறுங்காலோடு நடந்தது எப்படி என்று பார்க்க வேண்டும். நாமக்கல் நண்பர் இப்போதே கேள்விகளை எழுதி அனுப்பத் தொடங்கிவிட்டார். கூட உட்கார்ந்து படிக்க விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். பழைய கையெழுத்தைப் படிக்கச் சொல்லித்தர ஆசிரியை அம்மா இசைந்திருக்கிறார்.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்